துட்டிச் சடங்குகளில் மனப்பான்மை மாற்றம்: ஆழ்வார்குறிச்சி வட்டாரப் புலம்பெயர் குடும்பங்களை முன்வைத்து

முன்னுரை

இறந்தோரை வழியனுப்பும் முறை ஒருபடித்தாக இருந்ததில்லை என்பதற்குத் தாமிரபரணிக் கரையே சான்று. ஆதிச்சநல்லூர்த் தாழிகளும், தாழி வனையும் குயவரை விளிக்கும் புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்களும் தாழியடக்கத்தைக் காட்டுகின்றன. சுடுதல், இடுதல் உள்ளிட்ட ஐவகை முறைகளை மணிமேகலை ஒருங்கே சுட்டுகிறது. இன்றைய மாற்றத்தையும் இத்தொடர்ச்சியில் வைத்தே நோக்குதல் வேண்டும். கடனாநதி பாயும் ஆழ்வார்குறிச்சி வட்டாரத்திலிருந்து சென்னை, மும்பை, வளைகுடா நாடுகள் எனப் பெயர்ந்தோர் குடும்பங்களில் துட்டிச் சடங்குகள் குறித்த மனப்பான்மை மாறிவருவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காலமும் சடங்கும்

முன்னர் இறந்த அன்றோ மறுநாளோ உடல் எடுக்கப்பட்டது. இன்று மகன் வந்து சேரும்வரை குளிர்பதனப் பெட்டியில் உடல் காக்கப்படுகிறது. மாறாக, பதினாறாம் நாள் விசேஷம் விடுப்புக்கேற்ப முன்னதாகவே முடிக்கப்படுவதும் உண்டு. அதாவது, காத்திருப்பு நீள்கிறது. துக்கம் காக்கும் நாள் குறைகிறது. நாட்கணக்கினும் கொள்ளி வைக்கும் உரிமையே முதன்மை பெறுகிறது என்பது இதனால் புலனாகும். லாவோசிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹ்மோங் மக்களிடையிலும், பல நாள் நீளும் ஈமச் சடங்கைச் சுருக்குவது குறித்துத் தலைமுறைகளுக்கிடையே கருத்து வேறுபாடு நிலவுவது ஒப்புநோக்கத்தக்கது.

நிலைப்பனவும் விலக்கப்படுவனவும்

நீர்மாலை எடுத்தல், கோடி போடுதல், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தல் ஆகியன பெரிதும் தொடர்கின்றன. இவை இறந்தவரோடு இன்னார்க்கு இன்ன உறவு என்பதை ஊரறிய நிறுவுவன. கணவனை இழந்த பெண்ணின் தாலியைப் பலர் முன்னிலையில் கழற்றும் சடங்கோ, படித்த மகள்களின் எதிர்ப்பால் சில வீடுகளில் தவிர்க்கப்படுகிறது. சிலவற்றில் அறைக்குள் ஒடுங்குகிறது. சாதியடிப்படையில் சுமத்தப்பட்ட இழவுப் பணிகளை அவற்றைச் செய்தோரின் வழித்தோன்றல்கள் மறுப்பதும் இம்மாற்றத்தின் இன்றியமையாக் கூறாகும்.

ஒப்பாரியின் நிலை வேறு. பிறந்த வீட்டின் புறக்கணிப்பையும் மறுக்கப்பட்ட பங்கையும் பெண் சபையில் எடுத்துரைக்க ஒப்பாரி இடமளித்தது. சொல்பவளைத் தடுக்க அங்கு எவர்க்கும் இயலாது. ஒலிபெருக்கியில் இடப்படும் ஒப்பாரிப் பதிவு துக்கத்தை உணர்த்தக்கூடும்; அவ்வீட்டின் வழக்கை உரைக்காது.

முடிவுரை

இழிவு செய்யும் சடங்கும் பெண் பேசும் களமும் ‘பழைய வழக்கம்’ என்னும் ஒரே பெயரால் ஒதுக்கப்படுகின்றன. முன்னது நீங்குதல் அறம். பின்னது மறைதல் இழப்பு. எனவே, மாற்றத்தைச் சிதைவு என்றோ வளர்ச்சி என்றோ பொதுமைப்படுத்தாது, ஒவ்வொரு சடங்கும் எவருக்கு உரிமை தந்தது, எவரிடமிருந்து பறித்தது என வினவுதலே தகுந்த ஆய்வுநெறியாகும்.