42ஐத் திருப்பி எழுதினால் 21

பதினோராம் வகுப்பு கணினி அறிவியலில் எண் முறைகளை முதலிலும், நிரலாக்கத்தைப் பின்னரும் கற்பிக்கிறோம். இரண்டையும் இணைக்க ஏற்ற பயிற்சி, ஓர் எண்ணை இருநிலை வடிவில் திரையில் காட்டும் நிரல். ஆம்பூர்ப் பகுதியில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் இப்பயிற்சியை நான் நடத்தும் முறையைப் பகிர்கிறேன்.

என் மாணவர்கள் பலரின் பெற்றோர் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். ஐரோப்பிய அளவில் 42 என்று குறிக்கும் காலணியைப் பிரிட்டிஷ் அளவில் பொதுவாக 8 என்பார்கள். காலணி ஒன்றுதான், குறிக்கும் முறைதான் வேறு. கணினியின் நினைவகத்தில் 42 ஏற்கெனவே பிட்டுகளாகத்தான் இருக்கிறது. நிரல் எண்ணை மாற்றுவதில்லை. காட்டும் வடிவத்தைத்தான் மாற்றுகிறது. இதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன்.

சி மொழியின் பிரிண்ட்எஃப் பதின்மம், எண்மம், பதினாறுநிலை வடிவங்களில் எண்ணைக் காட்டும். இருநிலை வடிவத்துக்கான குறியீடு, 2024இல் வெளியான சி23 தரத்தில்தான் சேர்ந்தது. பழைய கம்பைலரில் நாமே நிரல் எழுத வேண்டும். கற்பிப்பவருக்கு அது நல்வாய்ப்பு.

மாணவர்கள் முதலில் எழுதுவது, 2ஆல் வகுத்து மீதியை உடனுக்குடன் அச்சிடும் மடக்கு. 42க்கு மீதிகள் 0, 1, 0, 1, 0, 1 என வரும். 010101 என்பது 21 அல்லவா? ஏன் தலைகீழானது? முதல் மீதி, எண் ஒற்றையா இரட்டையா என்று சொல்கிறது. அது ஒன்றாம் இடத்துக்கு உரியது. வலக்கோடியில் நிற்க வேண்டியது. திரையோ இடமிருந்து வலமாக எழுதுகிறது. "மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுது" என்று மனப்பாடம் செய்த விதியின் காரணம் இங்கே விளங்குகிறது. மீதிகளை அணியில் சேமித்துப் பின்னிருந்து அச்சிட்டால் 101010 கிடைக்கும்.

அடுத்து, ஆறு மாணவர்களை 32, 16, 8, 4, 2, 1 என்ற அட்டைகளுடன் வரிசையாக நிறுத்துகிறேன். கூட்டினால் 42 வர, 32, 8, 2 ஆகியோர் கை உயர்த்துவர். இடமிருந்து ஒவ்வொருவரையும் "கை உயர்ந்ததா?" என்று கேட்பதுதான் (42 >> இ) & 1 என்ற கோவை; 'இ' 5இல் தொடங்கி 0 வரை இறங்கும். இம்முறையில் திருப்பும் வேலையே இல்லை. தொடக்க வகுப்புகளிலும் அட்டை விளையாட்டை மட்டும் கூட்டல் பயிற்சியாக நடத்தலாம்.

சோதனை எண்களைத் தேர்வதில் கவனம் தேவை. 5, 7, 9 ஆகியவை 101, 111, 1001. திருப்பினாலும் மாறாதவை, தவறான நிரலும் இவற்றுக்குச் சரியான விடை தரும். 42, 8 ஆகியவற்றைக் கொடுங்கள், தவறு வெளிப்படும். 0ஐயும் கொடுங்கள். எண் 0ஐவிடப் பெரிதாக இருக்கும்வரை சுழலும் மடக்கு, அதற்கு எதையுமே அச்சிடாது. ஏன் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.