பாலத்தைப் பாருங்க, வருஷம் தெரியும்

உங்க கையில ஒரு பழைய போட்டோ இருக்கு. பின்னாடி தேதி இல்லை, எடுத்தவர் பேரும் இல்லை. எந்த வருஷத்துப் படம்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

இதைப் பழகிப் பார்க்க நல்ல ஊர், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி. பொடோமக், ஷெனண்டோவா என்ற இரண்டு ஆறுகள் கூடும் முனையில் இருக்கும் குட்டி ஊர். இன்று அங்கே 300 பேர்கூட இல்லை. ஆனால் பழைய படங்கள் நிறைய. 1859 அக்டோபரில் அடிமை முறையை எதிர்த்த ஜான் பிரவுன், அங்கிருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையைத் தன் ஆட்களோடு பிடித்தார். இரண்டே நாளில் சிக்கினார், டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். அடுத்து உள்நாட்டுப் போர் வந்தது. ஊர் பெயர் நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது.

முதல் பாடம்: பாலத்தைப் பாருங்க. பொடோமக் மேல் கூரை போட்ட மரப்பாலம் முழுசா நின்னா, அந்தப் படம் 1861 ஜூனுக்கு முந்தையது. அந்த மாதம் அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வெண்டல் போல்மேன் வடிவமைத்த இரும்பு டிரஸ் பாலம் முழுசா இருந்தால், 1870-க்குப் பிந்தையது. பக்கத்தில் இன்னொரு ரயில் பாலமும் தெரிஞ்சா, 1894 தாண்டியாச்சு. போல்மேன் பாலத்தின் தூண்கள் மட்டும் நின்னா, 1936 மார்ச் வெள்ளத்துக்குப் பிறகு. அந்த வெள்ளத்தில் தண்ணீர் 36 அடிக்கு மேல் ஏறியது.

இரண்டாவது பாடம்: இல்லாததையும் பாருங்க. போர் முடிந்த சமயத்துப் படங்களில் ஆற்றோரம் கூரையில்லாத சுவர்கள் தெரியும். அதுதான் அந்தத் தொழிற்சாலை. 1861 ஏப்ரலில் பின்வாங்கிய அரசுப் படையே அதற்குத் தீ வைத்தது. பிறகு அது திறக்கவே இல்லை. அந்த வேலையை நம்பியிருந்த குடும்பங்களின் கதையும் அந்தச் சுவர்களில்தான் இருக்கு.

மூன்றாவது பாடம்: இடது வலதைச் சரிபாருங்க. அந்தக் காலத்து நெகட்டிவ் கண்ணாடித் தகடு. திருப்பி வைத்துப் பிரதி எடுத்தால் படம் கண்ணாடியில் பார்ப்பது போல மாறிடும். மேரிலாந்து பக்கத்து மலையிலிருந்து ஊரைப் பார்த்தால் பொடோமக் வலப்பக்கம் இருக்கணும். இடப்பக்கம் இருந்தால் படம் திரும்பியிருக்கு. கடைப் பெயர்ப்பலகை எழுத்தும் காட்டிக் கொடுக்கும்.

இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. ஜான் பிரவுன் கடைசியாகப் பதுங்கிய தீயணைப்பு வண்டிக் கொட்டகையைப் பிரித்து, 1893 சிகாகோ கண்காட்சிக்காகக் கொண்டு போனார்கள். திரும்பக் கட்டியதில் அது இடவலம் மாறிப்போச்சு. பார்த்துக் கட்டிய படத்தின் நெகட்டிவ் திரும்பியிருந்ததுதான் காரணம் என்கிறார்கள். பல இடம் மாறி, 1968-ல் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. இன்னமும் அப்படியேதான் நிக்குது.

அடுத்த முறை ஊருக்குப் போறப்ப வீட்டு ஆல்பத்தை எடுங்க. பாட்டி, தாத்தாகிட்ட உட்கார்ந்து யார், எந்த இடம், எந்த வருஷம்னு கேளுங்க. படத்தின் பின்னாடி பென்சிலால் மெதுவாக எழுதி வையுங்க. போன் படங்களுக்கும் இது பொருந்தும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில், எடுத்த தேதி, இடம் போன்ற உள்விவரங்கள் போயிடும். ஒரிஜினலைப் பத்திரமா வையுங்க. நம்ம ஊர்ப் பாலத்தைப் பார்த்து வருஷம் சொல்ல எல்லாருக்கும் தெரியாது. சொல்லத் தெரிஞ்சவங்க இருக்கும்போதே கேட்டுடுங்க.