செம்மண் ஏன் உதிர்கிறது?

கேள்வி: ஐயா, குற்றாலம் சித்திரசபையைப் பார்த்த ஆசையில், எங்கள் ஊர்ச் செம்மண்ணைக் கரைத்துக் கையால் செய்த காகிதத்தில் வரைகிறேன். காய்ந்ததும் விரலில் ஒட்டுகிறது, சில இடங்களில் வெடிக்கிறது. சுவரில் நிற்கும் நிறம் காகிதத்தில் ஏன் நிற்கவில்லை?
– ஓவிய மாணவி, தென்காசி

பதில்: நடராசரின் ஐந்து சபைகளில் சித்திரமே மூர்த்தியாக வணங்கப்படுவது உங்கள் பக்கத்தில்தான். அதைப் பார்த்து மண்ணில் கைவைத்திருக்கிறீர்கள். மிகுந்த மகிழ்ச்சி.

சுவரில் நிறம் எப்படி நிற்கிறது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் நல்ல சான்று. அங்கே 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி சோழர் ஓவியங்களைக் கண்டறிந்தார். அவற்றை ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டியவை என்று முடிவுசெய்தார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கல்லாக இறுகும்போது, மேலே பூசிய காவியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அங்கே சுவரே பசை. காகிதத்தில் அந்தப் பசையை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

கருவேலம் பிசின் போதும். ஒரு பங்கு பிசினை இரண்டு பங்கு வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். காய்ந்த பூச்சு விரலில் ஒட்டினால் பிசின் குறைவு. பளபளத்துச் செதிலாக எழும்பினால் அதிகம்.

வெடிப்புக்குக் காரணம் மண்ணிலுள்ள களி. தடிமனாகப் பூசினால் காயும்போது சுருங்கிவிடும். மெல்லியதாகப் பல முறை பூசுங்கள். முதலில் மண்ணை நிறையத் தண்ணீரில் கலக்குங்கள். மணல் அடியில் தங்கியதும் கலங்கல் நீரை மட்டும் இறுத்து, தெளியவிட்டு, படிந்த வண்டலை உலர்த்துங்கள். பிறகு கல்வத்தில் பிசினோடு நெடுநேரம் அரைக்க வேண்டும். இந்த அரைப்பில்தான் நிறமே பிறக்கிறது, அவசரப்படாதீர்கள். மஞ்சள் காவி கிடைத்தால் இரும்புச் சட்டியில் வறுத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் நீர் நீங்கிச் சிவக்கும். சூட்டுக்கேற்ப ஒரே மண்ணில் பல நிறங்கள் கிடைக்கும். இரும்பு ஆக்சைடு என்பதால் வெயிலிலும் வெளுக்காது.

நாட்டு மருந்துக் கடையில் காவிக்கல் தாராளமாக வாங்கலாம். அரிதாரம், மனோசிலை, சாதிலிங்கம் வேண்டவே வேண்டாம். முதல் இரண்டும் ஆர்சனிக், மூன்றாவது பாதரசம். அரைக்கும்போது தூளாக மூச்சில் ஏறும்.

காகிதம் வண்ணத்தை உறிஞ்சிப் பரப்பினால், மெல்லிய சோற்றுக் கஞ்சி பூசிக் காயவைத்த பிறகு வரையுங்கள். சாரல் மாதங்களில் பிசினும் கஞ்சியும் பூஞ்சை பிடிக்கும். இரண்டிலும் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விடுங்கள். படம் நன்றாக உலரும்வரை கண்ணாடிச் சட்டத்தில் அடைக்க வேண்டாம்.