இணையங் காக்குந் தொழில்

நாடோறும் நமக்குப் பயன்படும் பொருள்களுட் பல, அவை நின்றுபோமளவும் நம் நினைவிற்கு எட்டுவதில்லை. குழாயில் நீர் வருங்கால் அதனை ஏற்றிவிட்டவனை எவரும் எண்ணார். வாராதொழிந்த அன்றே அவன் நினைக்கப்படுகின்றான். இக்காலத்து இணையமும் அத்தன்மைத்தே. மாணவர் பாடங் கேட்டலும், வணிகர் பணஞ் செலுத்தலும், நோயாளரின் பரிசோதனை முடிவு மருத்துவரைச் சேர்தலும் இன்று அதன்வழியே நிகழ்கின்றன. இத்துணைப் பயனுடைய இணையத்தை ஊரளவில் வழங்குஞ் சிறு நிறுவனத்தார், அது நின்றுவிடாவண்ணம் எங்ஙனம் காக்கின்றனர் என்பதைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவள்ளுவர் தம் நூலின் 54-ஆம் அதிகாரத்திற்குப் பொச்சாவாமை எனப் பெயரிட்டார். பொச்சாப்பாவது மறதி. அளவிறந்த வெகுளியினும் மகிழ்ச்சியால் வரும் மறதியே அரசனுக்குத் தீது என்பது அவர் கருத்து. அரசனுக்கு உரைத்த அவ்வறம் இணையங் காப்பார்க்கும் முற்றும் பொருந்துதலை மேல்வருவனவற்றாற் காண்போம்.

இந்தியாவிற் பொதுமக்களுக்கு இணையம் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள் திறக்கப்பட்டது. 1998-ல் தனியார்க்கும் இத்தொழில் உரித்தாயிற்று. அப்பொழுது வகுக்கப்பட்ட மூவகை உரிமங்களுள் முதலாவது நாடு முழுமைக்கும், இரண்டாவது மாநிலமளவான ஒரு வட்டத்திற்கும், மூன்றாவது ஏறக்குறைய மாவட்டவளவான ஒரு பகுதிக்கும் உரியன. இம்மூன்றாம் வகையாரே ஈண்டுச் சிறியர் எனப்படுவோர். இவர் பெரிய நிறுவனத்தாரிடம் இணையத்தை மொத்தமாக விலைக்குப் பெற்று, வீடுகட்குச் சில்லறையாகப் பகிர்ந்தளிப்பர்.

இவர்தம் நிலையம் பெரும்பாலும் ஓர் அறையே. அவ்வறையில் ரூட்டர் என்னும் பொறி, வெளியுலகிற் செல்லவேண்டிய செய்திக்கு வழி தேர்ந்து கொடுக்கும். ஓ.எல்.டி. என்னும் பொறி அச்செய்தியை ஒளியாக மாற்றி ஃபைபர் இழையிற் செலுத்தும். அவ்விழையின் ஒளி இடைவழியில் ஸ்ப்ளிட்டர் என்னுங் கருவியால் 32 அல்லது 64 வீடுகட்குப் பிரிக்கப்படும். அன்றியும், வாடிக்கையாளரின் பெயரையுங் கடவுச்சொல்லையுஞ் சரிபார்ப்பதொரு சர்வரும், அவர்க்கு எண்முகவரி வழங்குவதொரு சர்வரும், தளத்தின் பெயரைக்கொண்டு அதன் எண்முகவரியைத் தேடித்தரும் டி.என்.எஸ். சர்வரும் அவ்வறையில் இயங்கும்.

இவற்றுள் இறுதியிற் கூறிய டி.என்.எஸ்., பால் மொகபெட்ரிஸ் என்பார் 1983-ல் வகுத்த முறையாகும். இஃது ஒன்று கெடின், இழையும் பொறிகளும் பழுதின்றி இருப்பினும், இணையமே அற்றுப்போயிற்று என வாடிக்கையாளர் கருதுவர். தெருக்கள் திறந்திருந்தும் வீட்டின் விலாசம் அறியாதவன் நிலை அவர் நிலையாம். ஆதலின் இத்தகைய சர்வர் இரண்டேனும் வேண்டும். இரண்டையும் ஒரே அறையில், ஒரே மின்கம்பியில் இணைத்து வைப்பாரும் உளர். அவை எண்ணால் இரண்டாயினும் பயனால் ஒன்றே. மின்சாரம் நிற்குங்கால் இரண்டும் ஒருங்கே நிற்கும்.

இனி, கண்காணித்தலாவது பழுதை வாடிக்கையாளர் கூறுமுன் தாமே அறிதல். 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் பிங் என்னுஞ் சிறு நிரலை எழுதினார். இது மற்றொரு கணினியை அழைத்து, மறுமொழி வருதற்காகும் நேரத்தை அளக்கும். கடலுள் ஒலியெழுப்பி எதிரொலி கேட்கும் முறையினின்று அப்பெயர் பிறந்தது. 1994-ல் டோபியாஸ் ஏட்டிக்கர் என்பார் இங்கிலாந்திலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றியபொழுது, நொடிக்கு 64 கிலோபிட் கொள்ளும் ஓரிணைப்பே அங்கிருந்தது. அதன் நெரிசலை யாவரும் அறியுமாறு வரைபடமாகக் காட்ட அவர் எழுதத் தொடங்கியதே எம்.ஆர்.டி.ஜி. என்னும் நிரல். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து கோடு வரையும் அம்முறை பின்னர்ப் பல நாடுகளிலும் பரவியது.

இத்தகைய அளவையின் பயனை ஒரு சான்றால் விளக்குதும். வீட்டுக் கருவியை வந்தடையும் ஒளியின் வலிமை டி.பி.எம். என்னும் அளவையாற் குறிக்கப்படும். பெருவழக்கான கருவிகட்கு அது கழித்தல் 27-க்குக் கீழ்ச் செல்லின் தொடர்பு நிலையாது. நேற்றுவரை கழித்தல் 20 என நின்ற வீடொன்று வாரந்தோறும் இறங்கிக் கழித்தல் 25-ஐ அடையுமாயின், இழை எங்கேனும் மடங்கியிருத்தல் கூடும்; அன்றி, இணைப்பில் அழுக்கோ ஈரமோ சேர்ந்திருத்தலுங் கூடும். அவ்வீட்டார் இதுவரை யாதொரு குறையுங் கூறியிலர். குறிப்பெழுதி வைப்பவன் பகலில் ஏணியோடு சென்று அதனைத் திருத்துவான். எழுதாதவனோ நள்ளிரவில் மழையில் தொலைபேசி ஒலிக்க ஓடுவான்.

மின்சாரம் நின்றுழி நிலையத்தைத் தாங்குவது பேட்டரி. ஈயமும் அமிலமுங் கொண்ட பேட்டரியின் ஆயுள், வெப்பம் 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகை மிகுமளவில் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர் கணக்கு. ஆகவே வெப்பமிக்க அறையில் அது நாம் எண்ணியதினும் விரைவில் முதுமை எய்தும். விளக்கு எரிதல் கொண்டு அது நலமாயுளதென நம்பலாகாது. மின்னிணைப்பை வேண்டுமென்றே நிறுத்தி, எத்துணை நேரந் தாங்குமெனச் சோதித்தல் வேண்டும். திருமறையிற் கன்னியர் பதின்மர் உவமையை நாம் யாவரும் அறிவோம். பதின்மரிடத்தும் விளக்கிருந்தது, மிகுதி எண்ணெய் ஐவரிடத்தே இருந்தது. அவ்வேற்றுமை நள்ளிரவிலன்றோ வெளிப்பட்டது!

பேக்கப் என்னும் மறுபடிக்கும் இதுவே நியதி. 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் கிட்லேப் என்னும் நிறுவனத்தில், பழுதொன்றைத் திருத்த முயன்ற ஊழியர் மாற்றுச் சர்வர் என எண்ணி மூலச் சர்வரின் தரவையே அழித்துவிட்டார். தம்மிடம் ஐவகைக் காப்பு உண்டென அந்நிறுவனத்தார் நம்பியிருந்தனர். அவ்வைந்தனுள் ஒன்றேனும் நம்பத்தக்கதாய் இயங்கவில்லை என்பது அன்றே தெரியவந்தது. ஆறு மணிநேரத்திற்கு முன் எடுக்கப்பட்டிருந்த ஒரு படியே அவர்களைக் காத்தது. மறுபடி எடுத்தல் பாதிப் பணியே. அதனைக்கொண்டு மீட்டுப் பார்த்தலே மற்றைப் பாதி.

இன்னுமொரு கேடு, காப்பவன் கையாலேயே நேர்வது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணிநேரம் உலகெங்கும் மறைந்தது. இணைப்புகளின் கொள்ளளவை அறியும்பொருட்டு இட்ட கட்டளையொன்று அவ்விணைப்புகள் அனைத்தையுந் துண்டித்தது. அத்தகைய பிழையைத் தடுக்கவேண்டிய கருவியும் பிழையுடைத்தாயிருந்தது. பழுதைத் திருத்தச் செல்லும் வழியும் அவ்வலையினூடேயே சென்றமையின், பொறியாளர் நிலையங்கட்கு நேரிற் செல்லவேண்டியதாயிற்று. திறவுகோலை உள்ளே வைத்துக் கதவடைத்தவன் செயலை இது ஒக்கும். சிறியோர் இதனின்று கற்பன இரண்டு. ஒன்று, ரூட்டரை அடைதற்கு வேறொரு நிறுவனத்தின் செல்பேசி இணைப்பாகிய தனிவழியை வைத்திருத்தல். மற்றொன்று, மாற்றஞ் செய்யுங்கால் "பத்து நிமிடத்துள் உறுதி செய்யாவிடிற் பழைய நிலைக்கே மீள்க" எனப் பொறிக்குக் கட்டளையிடுதல். தொலைவிலுள்ள ரூட்டரைத் திருத்துகையில் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்பவனை இவ்வொரு கட்டளை மீட்கும்.

சிறியவன் தவறு சிறிதாகவே முடியும் என எண்ணற்க. 1997-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் அமெரிக்காவில் 7007 என்னும் எண்ணுடைய சிறு வலையின் ரூட்டரொன்று, உலக இணையத்தின் பெரும்பகுதிக்கு வழி தன்னிடமே உளதென அயலார்க்கு அறிவித்தது. அயலாரும் ஆராயாது நம்பினர். பலவிடத்துச் செய்திகள் அச்சிறு வாயிலை நோக்கித் திரண்டு வந்து அழிந்தன. பொறியைப் பிரித்தெடுத்த பின்னரும் அப்பொய்யறிவிப்பு உடனே மறையாது உலவியது. வஞ்சகம் யாதுமின்றி நேர்ந்த பிழையே இத்துணைக் கேடு செய்தது. ஆதலின், தமக்குரிய முகவரிகளையன்றிப் பிறவற்றை அறிவியாதவாறு தம் ரூட்டருக்கு வரம்பு கட்டுதலும், இம்முகவரி இவர்க்கே உரியது எனக் காட்டும் ஆர்.பி.கே.ஐ. சான்றினைப் பதிவு செய்தலும் சிறியோர்க்குங் கடனாம். இது தம் வாடிக்கையாளர்க்குச் செய்வதன்று. முகமறியா அயலார்க்குச் செய்வது.

இதுகாறுங் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பேட்டரி தாங்குமென்ற நம்பிக்கையும், மறுபடி உண்டென்ற நம்பிக்கையும், ஒரு கட்டளைதானே என்னும் அசட்டையுமே கேடு விளைத்தன என்பது புலனாம். இவையெல்லாம் பொச்சாப்பின் வேற்றுருவங்களே. நேற்று நன்றாயிருந்தது எனும் மகிழ்ச்சியிலேயே மறதி புகுகின்றது. அதனை வெல்லும் படைக்கலங்கள் குறிப்பேடும், நாள் குறித்துச் செய்யுஞ் சோதனையும், மாற்றுவழியுமாம்.

மற்றுமொன்று உண்டு, அஃதாவது தவற்றை மறையாமை. மேற்கூறிய கிட்லேப் நிறுவனத்தார் தம் பிழை முழுவதையும் உலகறிய எழுதி வெளியிட்டனர். அதனைப் படித்துத் தம் மறுபடிகளைச் சோதித்துப் பார்த்தோர் பிற நிறுவனங்களிலும் இருந்திருப்பர். ஊரளவில் இணையம் வழங்குவோனும், "யான் இட்ட கட்டளையால் இன்று இரண்டு மணிநேரம் நின்றது, இனி இவ்வாறு நேராமைக்கு இது செய்துள்ளேன்" எனத் தன் மக்களுக்கு உரைப்பானாயின், அவர்தம் நம்பிக்கை குறையாது வளரும்.

மாணவ நண்பர்காள்! இக்கட்டுரை தீட்டுங்கால் எம் பாடக்குறிப்புகட்கு ஒரு படியேனும் வேறிடத்து உளதாவென எண்ணிப் பார்த்தேம், இல்லை. அன்றிரவே ஒன்று எடுத்துவைத்து, அதனைத் திறந்தும் பார்த்தேம். நீவிரும் அங்ஙனஞ் செய்வீராக.