கூலியாளா, ஒப்பந்தக்காரரா?

நடவு, களையெடுப்பு, கதிரடிப்பு முதலிய வேலைகளை ஏக்கருக்கு இவ்வளவு, மூட்டைக்கு இவ்வளவு என்று பேசி விடுவது பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. "மொத்தமாகப் பேசிவிட்டோம், வருபவர்கள் நம் ஆட்கள் அல்லர்" என்று விவசாயிகள் சிலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. கதிரடிக்கும் இயந்திரத்தில் ஒருவர் கையை இழந்தால், கூலி பேசிய முறையை மட்டும் வைத்துப் பொறுப்பு முடிவாவதில்லை.

பிரித்தறியும் முறை

வேலையை இன்னவாறு செய்ய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். போர் போடுபவர் சொந்த இயந்திரம், ஆட்களுடன் வருகிறார். அதை இயக்கும் முறையை விவசாயி சொல்வதில்லை. இயந்திரம் பழுதானால் நஷ்டம் அவருடையது. அவர் ஒப்பந்தக்காரர். ஏக்கர் கணக்கில் நடவு செய்யும் பெண்களின் நிலை வேறு. நாற்று விவசாயியுடையது. வரிசை இடைவெளியையும் குத்துக்கு எத்தனை நாற்று என்பதையும் அவரே வரப்பில் நின்று சொல்கிறார். இவர்கள் கூலியாட்களே.

இரு தீர்ப்புகள்

கட்ச் ரண் பகுதியில் தாரங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் கம்பெனியின் உப்பளத்தில் அகாரியாக்கள் எனப்படும் தொழிலாளர்கள் பாத்தி பெற்று உப்பு விளைவித்தனர். மணங்குக்கு 5 அணா 6 பை கூலி. தரமற்ற உப்புக்குக் கூலி இல்லை. வேலை நேரம் குறிக்கப்படவில்லை; துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் உரிமை இருந்தது. ஆகவே அவர்கள் ஒப்பந்தக்காரர்களே என்று கம்பெனி வாதிட்டது. உச்ச நீதிமன்றம் 1956-ல் இதை ஏற்கவில்லை. அகாரியாக்கள் தாமே உழைத்தனர்; ஒவ்வொரு கட்டத்திலும் கம்பெனி மேற்பார்வை இருந்தது; எனவே அவர்கள் தொழிலாளர்களே என்றது.

1958-ல் ஒரு பீடி வழக்கில் தீர்ப்பு வேறாயிற்று. சட்டேதார் என்பவர் புகையிலை பெற்று, தம் பொறுப்பில் பீடி சுற்றச் செய்து ஒப்படைத்தார். சுற்றும் முறையில் நிர்வாகம் தலையிட உரிமை இல்லை. எனவே அவர் ஒப்பந்தக்காரர் எனப்பட்டார்.

கேட்டுப் பார்க்க வேண்டியவை

1. வேலை முறையைச் சொல்பவர் யார்?
2. கருவியும் இடுபொருளும் யாருடையவை?
3. வந்தவர் தாமே உழைக்கிறாரா, ஆள் வைத்து நடத்துகிறாரா?
4. லாப நஷ்டம் யாருக்கு?

இவற்றுள் ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். "ஒப்பந்தம்" என்று தாளில் எழுதி வாங்குவதால் மட்டும் உண்மை நிலை மாறிவிடாது.

விபத்து நேர்ந்தால்

டிராக்டர், மின்சார இயந்திரம் கொண்டு செய்யும் பண்ணை வேலை 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் இருந்தது. அதன் இடத்தில் 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. மேஸ்திரி அழைத்து வந்த ஆளாயினும், செய்த வேலை தம் வழக்கமான தொழிலைச் சேர்ந்ததாயின் உரிமையாளரிடமே இழப்பீடு கோரலாம். அவர் பின்னர் அதை மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

எனவே இயந்திர வேலை தொடங்குமுன் ஆட்களின் பெயர், தேதி, கூலி ஆகியவற்றை நோட்டில் எழுதி வைத்தல் வேண்டும். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் மூடி உள்ளதா எனப் பார்த்தல் அவசியம். விபத்துக் காப்பீடு பற்றி மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் அலுவலகத்திலும் அறுவடைக்கு முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. கை போன பிறகு யார் ஆள் என்று வாதிடுவதால் உழைத்தவருக்கும் பயனில்லை, உடையவருக்கும் பயனில்லை.