கணக்கில் முந்தும் குழந்தை: வகுப்பைத் தாண்ட வைக்கலாமா?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஏழாம் வகுப்புக் கணக்கைப் போடுகிறது என்றால் பெற்ற மனம் பூரிக்கத்தான் செய்யும். கூடவே ஒரு கவலையும் எட்டிப் பார்க்கும். வகுப்பில் மற்றவர்கள் ஒரு கணக்கை முடிப்பதற்குள் நம் பிள்ளை ஐந்தையும் முடித்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே, அறிவு வீணாகிறதோ என்ற கவலை. தில்லியில் நம்மவர்கள் கூடும் விழாக்களில் இந்தப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. 'டபுள் புரமோஷன்' கேட்டுப் பாருங்கள் என்பார் ஒருவர், அபாகஸில் சேருங்கள் என்பார் இன்னொருவர், ஆறாவதிலேயே ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் வகுப்புக்கு அனுப்பாவிட்டால் பின்னால் வருத்தப்படுவீர்கள் என்று மூன்றாமவர் பயமுறுத்துவார். இம்மூன்றையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ மாற்றலாகி வரும் குழந்தைக்கு இங்கே ஹிந்தி ஒரு மலை. கணக்குதான் மொழியை அதிகம் கேட்காத பாடம். வந்த முதல் ஆண்டில் பிள்ளை தலை நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் கணக்கு வகுப்பில்தான். ஆகவே அந்த ஒன்றிலாவது முடிந்தவரை முன்னே கொண்டுபோய்விட வேண்டும் என்று பெற்றோர் நினைப்பது இயல்பே. ஆனால் வகுப்பைத் தாண்ட வைப்பதற்கு முதல் தடையும் அதே ஹிந்திதான். ஐந்தாவதிலிருந்து ஏழாவதுக்குப் போனால் கணக்கு மட்டும் போவதில்லை. ஹிந்தியும் சமூக அறிவியலும் சேர்ந்தே போகும். கணக்கில் சலித்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது ஹிந்தியில் திணறிக்கொண்டிருக்கும். ஒரு பாடத்தின் வேகத்துக்காக ஐந்து பாடங்களைத் தாவ வைப்பது சரியான கணக்காக எனக்குப் படவில்லை.

பள்ளிகளும் இதற்கு எளிதில் இசைவதில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முதல் வகுப்புக்கு 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என்கிறது. அதன் பிறகு வயதும் வகுப்பும் சேர்ந்தே நகர வேண்டும் என்பதுதான் பள்ளிகளின் பொதுவான போக்கு. நம் தாத்தாக்கள் காலத்தில் தலைமையாசிரியர் வாய்வார்த்தையாகக் கொடுத்த டபுள் புரமோஷனை இன்று எதிர்பார்க்க முடியாது.

சரி, உங்கள் பிள்ளை உண்மையிலேயே முன்னே போகத் தகுதியானதுதானா? இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கில் 'வேகம்' என்று நாம் சொல்வதில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. விரைவாகக் கூட்டிப் பெருக்குவது ஒன்று. மேல் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே படித்திருப்பது இன்னொன்று. ஏன், எப்படி என்று சுயமாக யோசிப்பது மூன்றாவது. அபாகஸ் முதலாவதைத் தரும். கோச்சிங் இரண்டாவதைத் தரும். மூன்றாவது இருக்கும் பிள்ளைக்கே பாடத்தில் முந்திப் போவது நன்மை செய்யும்.

வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். 'வேதிக் மேத்ஸ்' என்ற பெயரில் சொல்லித் தரும் பெருக்கல் முறை பல பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 1965இல் வெளிவந்த பாரதி கிருஷ்ண தீர்த்தரின் நூலிலிருந்து பரவியது அது. 98ஐ 97ஆல் பெருக்க வேண்டும். நூறுக்கு ஒன்று 2 குறைவு, மற்றது 3 குறைவு. 98இல் 3 போனால் 95. இரண்டும் மூன்றும் பெருக்கினால் 06. விடை 9506. பிள்ளை கண்சிமிட்டும் நேரத்தில் சொல்லிவிடும். நாமும் கை தட்டுவோம். இப்போது 48ஐ 47ஆல் பெருக்கச் சொல்லுங்கள், அதே முறையில், ஐம்பதை அடிப்படையாக வைத்து. உத்தியை மனப்பாடம் செய்த பிள்ளை 45, 06 என்று எடுத்து 4506 என எழுதும். காரணம் புரிந்த பிள்ளை கொஞ்சம் நின்று யோசிக்கும்: முன்பு 95 என்றது 95 நூறுகள், இப்போது 45 என்பது 45 ஐம்பதுகள், அதாவது 2250, அதோடு 6 சேர்த்தால் 2256. நின்று யோசித்த அந்தப் பிள்ளைக்கு ஏழாம் வகுப்பு இயற்கணிதத்தைத் தாராளமாகத் திறந்து காட்டலாம். 4506 எழுதிய பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். அதற்கு இன்னும் கொஞ்சம் காலம் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி. முக்காலை அரையால் வகுத்தால் என்ன? ஒன்றரை என்று பதில் வரும். 'வகுத்தால் குறைய வேண்டாமா, ஏன் கூடிவிட்டது? ஒரு கதையாகச் சொல்லு' என்று கேளுங்கள். முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாத்திரத்தால் அளந்தால் ஒன்றரைப் பாத்திரம் வரும் என்று சொல்லத் தெரிந்தால் பின்னம் புரிந்திருக்கிறது. 'தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும், மிஸ் சொன்னாங்க' என்று மட்டும் பதில் வந்தால், மேல் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பாலும் பாத்திரமுமாக அடுக்களையில் ஒரு மாதம் செலவிடலாம். எட்டாவது, ஒன்பதாவதில் திடீரென்று கணக்கில் சரியும் பிள்ளைகளில் பலருக்கு, நான் பார்த்த வரையில், பின்னமும் எதிர்மறை எண்ணும் ஆட்டம் கண்டிருக்கும். சின்ன வகுப்பில் அவர்கள் வாங்கிய நூற்றுக்கு நூறு அதை மறைத்து வைத்திருந்தது.

பின்னம் என்றதும் நம் வீட்டுச் சொத்து ஒன்று நினைவுக்கு வருகிறது. கால், அரை, முக்கால் மட்டுமல்லாமல் அரைக்கால், மாகாணி, மா, காணி என்று தமிழில் பின்னங்களுக்குத் தனிப் பெயர்களே இருந்தன. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடியில் இவற்றை ஒப்பித்தார்கள். காணி என்றால் 1/80. மா என்றால் 1/20. மாகாணி என்றால்? பெயரிலேயே விடை இருக்கிறது. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 1/20ஐ 4/80 ஆக்கி, 1/80ஐக் கூட்டினால் 5/80, அதாவது 1/16. பொதுப் பகுதி எண் எதற்கு என்று பள்ளியில் ஒரு வாரம் நடத்துவது, பாட்டி சொல்லும் இந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கியிருக்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களிடம் பிள்ளையை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். ஹிந்தியில் ஒன்று முதல் நூறு வரை எண்ணுவதற்குள் நம் குழந்தைகள் படும் பாட்டுக்கு இது ஒரு சின்ன ஆறுதலாகவும் இருக்கும்!

இப்படியெல்லாம் கேட்டுப் பார்த்தும் பிள்ளை அசராமல் பதில் சொல்கிறது என்றால் அதைக் கட்டிப்போடுவதும் தவறு. தில்லியில் 1981இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அக்‌ஷய் வெங்கடேஷை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் குடியேறிவிட்டது. 11 வயதில் சர்வதேச இயற்பியல் ஒலிம்பியாட், 12 வயதில் கணித ஒலிம்பியாட், இரண்டிலும் பதக்கம். 13 வயதில் பல்கலைக்கழகம். 2018இல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதான ஃபீல்ட்ஸ் மெடல். முந்திப் போனதால் அவர் எதையும் இழந்துவிடவில்லை. அதே சமயம் ராமானுஜனையும் நினைத்துப் பாருங்கள். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904இல் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தவர், கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தேறாததால் அதை இழந்தார். அவ்வளவு பெரிய மேதைக்கே கல்லூரி விதி விலக்குத் தரவில்லை. இன்றைய நம் பள்ளிகளும் எல்லாப் பாடங்களையும் சேர்த்தேதான் பார்க்கின்றன. ஆகவே பிள்ளை தன் வயதுக்கேற்ற வகுப்பிலேயே இருக்கட்டும். கணக்கு மட்டும் முன்னே போகட்டும்.

பள்ளியில் இதற்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கணக்கு ஆசிரியையை நேரில் பார்த்து, பாடம் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பாடத்தின் கடைசிப் பயிற்சியைப் பிள்ளைக்குக் கொடுத்துப் பார்க்கும்படி கேளுங்கள். சரியாகச் செய்துவிட்டால், ஒரே மாதிரியான நாற்பது கணக்குகளிலிருந்து விலக்குக் கொடுத்து, அந்த நேரத்தில் வேறு தாள் ஒன்றைச் செய்ய அனுமதிக்கலாம் அல்லவா? தாளை நாமே தயாரித்துக் கொடுப்பதாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியைக்கு இது கூடுதல் சுமையாகிவிடக் கூடாது. 'என் மகளுக்கு உங்கள் பாடம் போதவில்லை' என்று ஆரம்பித்தால் காரியம் கெட்டது. 'சீக்கிரம் முடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்கிறாளா?' என்று கேட்டுப் பாருங்கள்; பேச்சு தானாக வழிக்கு வரும்.

அடுத்து கோச்சிங். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளே, 16 வயதுக்குட்பட்டவர்களைக் கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது என்று சொல்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு பிறகு முடிவெடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பதினோராம் வகுப்புச் சூத்திரங்களை ஊட்டினால் உள்ளே என்ன தங்கும் என்பதை 48 பெருக்கல் 47 நமக்குக் காட்டிவிட்டது.

கணிதத்தில் உண்மையான பசி உள்ள பிள்ளைக்கு நம் நாட்டில் நல்ல பாதை ஒன்று இருக்கிறது. அதுதான் கணித ஒலிம்பியாட். இந்தியா 1989 முதல் சர்வதேசப் போட்டியில் கலந்துகொள்கிறது. 1996இல் மும்பையிலேயே அப்போட்டி நடந்தது. 2024இல் நம் அணி நான்கு தங்கத்துடன் நான்காம் இடம் பெற்றது. ஐ.ஓ.க்யூ.எம். என்ற முதல் தேர்வு, பிறகு மண்டலத் தேர்வு, பிறகு ஐ.என்.எம்.ஓ. எனப்படும் தேசியத் தேர்வு, அதன் பின் பயிற்சி முகாம் என்று படிப்படியாகச் செல்லும். மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இதன் தலைமையிடம். பள்ளிகளில் தனியார் நிறுவனங்கள் பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் 'ஒலிம்பியாட்' தேர்வுகள் வேறு. பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. சர்வதேச ஒலிம்பியாடுக்குக்கூட நுண்கணிதம் தேவையில்லை. எண் கோட்பாடு, இயற்கணிதம், வடிவியல், எண்ணி அடுக்கும் சேர்மானக் கணக்குகள், இவ்வளவுதான். எட்டாவதிலேயே 'கால்குலஸ்' முடித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்வதில் அங்கே ஒரு லாபமும் கிடையாது. பத்தாம் வகுப்புக்குள் இருக்கும் விஷயங்களையே எவ்வளவு ஆழமாகத் தோண்டத் தெரியும் என்பதைத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

வீட்டில் படிக்க, சின்னப் பிள்ளைகளுக்கு என்.சி.இ.ஆர்.டி.யின் புதிய ஆறாம் வகுப்புப் புத்தகம் 'கணித பிரகாஷ்' (2024) நன்றாக இருக்கிறது. முதல் பாடமே எண்களிலும் உருவங்களிலும் உள்ள ஒழுங்குகளைப் பற்றியது. நான்காவது, ஐந்தாவது படிக்கும் சூட்டிகையான பிள்ளையிடம் தைரியமாகக் கொடுக்கலாம். ஒன்பதாவதுக்கு மேல் வி. கிருஷ்ணமூர்த்தி முதலியோர் எழுதிய 'சேலஞ்ச் அண்ட் த்ரில் ஆஃப் ப்ரீ-காலேஜ் மேதமேடிக்ஸ்' ஒன்று போதும், இரண்டு ஆண்டுகளுக்கு வேலை கொடுக்கும். வாரத்துக்கு இரண்டு மூன்று கணக்குகள்தான். நேரக் கெடு வைக்காதீர்கள். இருபது நிமிஷம் முட்டி மோதிவிட்டு விடை வராமல் தூங்கப் போய், மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது 'அப்பா, கண்டுபிடிச்சுட்டேன்' என்று ஓடி வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

தொடங்கிவைக்க இம்மாதம் மூன்று கணக்குகள். 5/7, 7/9 இவற்றில் எது பெரியது? பொதுப் பகுதி எண் கண்டுபிடிக்காமல் சொல்ல வேண்டும். (ஒன்றுக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்க்கட்டும்.) அடுத்து, 36 மீட்டர் கயிற்றால் செவ்வகமாக ஒரு தோட்டத்தை வளைக்க வேண்டும், மிக அதிகப் பரப்புக் கிடைக்க நீள அகலம் என்ன? மூன்றாவதாக, அடுத்தடுத்து வரும் எந்த மூன்று எண்களைக் கூட்டினாலும் 3ஆல் மீதியின்றி வகுபடும். நான்கு எண்களைக் கூட்டினால் 4ஆல் வகுபடுமா? வகுபடாது என்று பிள்ளை சொன்னால், மீதி எப்போதும் எவ்வளவு வரும், ஏன் என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.