தண்ணீர் வந்த பிறகு அறை எடுங்கள்

தஞ்சைப் பக்கம் ஒரு பழைய வீட்டில் இரண்டு நாள் தங்கி, வயலைப் பார்த்தபடி தலைவாழை இலையில் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் இப்போது நிறைய. அதற்கேற்ற இடங்களும் இருக்கின்றன. சுவாமிமலையை ஒட்டிய திம்மக்குடியில் 1896-ல் கட்டிய வீட்டை நடுவில் வைத்து வளர்ந்த விடுதி இருக்கிறது. திருப்புகலூரில் மங்களா ஹெரிட்டேஜ் ஹோம் உண்டு. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வேப்பத்தூரில் மந்த்ரா கூடம், தஞ்சாவூர் நகருக்குள்ளேயே ஸ்வத்மா. ஆனால் வருகிறவர்களில் பலர் பிள்ளைகளுக்கு லீவு என்று மே மாதத்தில் வந்து இறங்குகிறார்கள். படத்தில் பார்த்த பச்சை எங்கே என்று விடுதிக்காரரைக் கேட்கிறார்கள். அவர் என்ன செய்வார்? மே மாதக் காவிரியில் மணல்தான் ஓடும். வயலில் காய்ந்த தாளும் வெடித்த மண்ணும்தான்.

அதனால் இந்த ஊர்ப் பயணத்தில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது விடுதியை அல்ல, பயிர்ப் பட்டத்தை. இதில் சரியாக இருந்துவிட்டால் சுமாரான விடுதிகூட நல்ல விடுதியாகிவிடும்.

தேதி வைப்பது

மேட்டூர் அணை 1934-ல் பயன்பாட்டுக்கு வந்தது. பாசனத்துக்குத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. இந்த இரண்டு தேதிகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஆனால் அப்படியே நம்பிவிடாதீர்கள். 2022-ல் அணையில் தண்ணீர் நிறைந்திருந்ததால் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அணையின் முழு உயரம் 120 அடி. ஜூன் தொடக்கத்தில் நீர்மட்டம் எத்தனை அடி என்று செய்தித்தாளில் பார்த்த பிறகே ஆடி மாதத்துக்கு அறை எடுங்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்து விடுவார்கள். அதற்கப்புறம் கிளையாறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று நடந்துதான் வயலுக்கு வரும். திறந்த வாரமே ஓடி வருவதில் பயனில்லை. நாற்று விட்டு, நட்டு, வேர் பிடித்து, வயல் முழுப் பச்சையாக இன்னும் ஒன்றரை மாதமாவது வேண்டும்.

இங்கே மூன்று பட்டம். குறுவை ஜூன், ஜூலையில் தொடங்கி செப்டம்பர், அக்டோபரில் அறுப்பு. சம்பா நீண்ட பயிர். ஆவணி, புரட்டாசியில் நட்டால் தை, மாசியில் அறுப்பார்கள். குறுவை அறுத்த வயலிலேயே மறுபடி நடுவது தாளடி, அது மாசி, பங்குனி வரை நிற்கும். தை மாதம் அறுப்புக்குச் சில நாள் முன்பே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். அதனால் பிப்ரவரி, மார்ச்சில் வந்தாலும் கண்ணுக்குப் பச்சை உண்டு. ஆனால் அது முழங்கால் உயரம்கூட வராத பச்சை. நெல்லைப் பார்க்க வந்தவருக்கு அது போதாது.

அடுத்தது இடம். வருகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். டெல்டா முழுவதும் ஒரே நாளில் பச்சையாவதில்லை. தலைமடையான தஞ்சாவூர், திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் பக்கம் பம்புசெட்டும் உண்டு, ஆற்றுத் தண்ணீரும் முதலில் வரும். ஜூலை, ஆகஸ்டில் வருவதானால் இந்தப் பக்கம் தங்குங்கள். கடைமடையான நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி பக்கம் பெரும்பாலும் ஒரே போகம், சம்பா மட்டும். அதிலும் பல இடத்தில் நாற்று நடாமல் நேரடி விதைப்பு. அங்கே நவம்பருக்கு முன்னால் போய்ப் பச்சையைத் தேடாதீர்கள்.

ஆண்டுக்கு ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்பவருக்கு என் கட்டளை: மார்கழி முதல் வாரம். வடகிழக்கு மழை ஓயத் தொடங்கியிருக்கும். சம்பா கதிர் தள்ளிக்கொண்டிருக்கும். ஆற்றில் தண்ணீர், குளத்தில் அல்லி, விடிகாலையில் பனி. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, எனவே கல்யாணக் கூட்டம் அறைகளை மொத்தமாக எடுத்திருக்காது. அரையாண்டு விடுமுறை விடுவதற்கு முன்னால் வந்துவிட்டால் விடுதியில் பாதி அறை காலியாகக் கிடக்கும், சமையற்காரருக்கும் உங்களோடு நின்று பேச நேரம் இருக்கும். இந்த ஒரு வாரத்தை விட்டுவிட்டு எல்லோரும் பொங்கல் விடுமுறையில் முண்டியடிப்பது எனக்கு விளங்கவே இல்லை. பொங்கல் முடிந்த கையோடு தை மாதக் கல்யாணங்கள் தொடங்கிவிடும், கூடவே திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. கோயில் வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஆராதனை கேட்கவே வருகிறீர்கள் என்றால் அது வேறு பயணம், அதற்கு இரண்டு மாதம் முன்பே அறை சொல்லிவிடுங்கள்.

நவம்பரில் வர வேண்டாம். பச்சை அப்போதுதான் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் புயலும் அப்போதுதான். 2018 நவம்பர் 16-ல் கரையேறிய கஜா, வேதாரண்யம் தொடங்கி பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வரை தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது. மழை நாளில் வயல் ஓரத்து மனிதருக்கு வடிகாலைப் பற்றிய கவலை இருக்கும், அந்தச் சமயத்தில் விருந்தாளியாகப் போய் நிற்கக்கூடாது.

அறை கேட்பது

இங்கேதான் அடுத்த ஏமாற்றம். பழைய தஞ்சாவூர் வீடு வெளியே பார்க்கக் கட்டியதல்ல. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளமாகப் போகும். பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியிருக்கும். வெளிச்சமும் மழையும் முற்றத்து வழியாகத்தான் உள்ளே வரும். அறைக்குள் ஜன்னல் சிறியது. "வியூ இருக்கிற ரூம்" என்று போனில் கேட்டால் தெருவைப் பார்த்த மாடி அறையைக் கொடுத்துவிடுவார்கள். அது அவர்கள் குற்றமல்ல. கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: கொல்லைப் பக்கம் அறை உண்டா, கொல்லைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? வாய்க்கால், ஆறு, வயல் எதுவானாலும் பெரும்பாலும் கொல்லையைத் தாண்டித்தான் இருக்கும். கொல்லைப் பக்கம் அறை இல்லாவிட்டால் மொட்டை மாடிக்குப் படி திறந்திருக்குமா என்று கேளுங்கள். விடிகாலை ஐந்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் மாடியில் நிற்க அனுமதி இருந்தால் அறை எந்தப் பக்கம் இருந்தாலும் பரவாயில்லை.

தஞ்சாவூர் நகருக்குள் இருக்கும் மாளிகை விடுதிகள் அழகானவை, ஆனால் அங்கே வயல் கிடையாது. தரங்கம்பாடியில் நீம்ரானா நடத்தும் பங்களாவில் இருந்து கடலும், 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையும் தெரியும். அதுவும் நெல் பார்க்கும் இடமல்ல. இவற்றையும் வயலையும் ஒரே பயணத்தில் திணிக்காதீர்கள். ஒரு கிராமம், இரண்டு இரவு. அதற்கு மேல் வேண்டுமானால் அடுத்த பட்டத்தில் வாருங்கள்.

சாப்பாடு சொல்வது

விடுதி மெனு அட்டையைத் திறக்காதீர்கள். அதில் பன்னீரும் நூடுல்ஸும் இருக்கும். ஊர்ச் சாப்பாடு அட்டையில் இருக்காது, முதல் நாள் மாலையே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காரணம் எளிது. பருப்பு உசிலிக்குப் பருப்பு ஊற வேண்டும். வாழைப்பூவை ஒவ்வொன்றாக நரம்பு எடுத்து ஆய ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். கத்திரிக்காய் ரசவாங்கிக்கும் பாகற்காய் பிட்லைக்கும் மசாலா வறுத்து அரைக்க வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து நின்றுகொண்டு "ஏதாவது ட்ரெடிஷனலா" என்றால் சாம்பாரும் பொரித்த அப்பளமும்தான் வரும்.

மாலையில் காபி குடிக்கும்போது சமையற்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, நாளைக்கு இங்கே தோட்டத்துல, சந்தையில என்ன காய் வரும்?" என்று முதலில் கேளுங்கள். பதில் வந்த பிறகு அந்தக் காயில் நீங்கள் என்னென்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். மூன்று பண்டத்துக்கு மேல் சொல்லாதீர்கள். என் வரிசை இது: ஒரு புளி சேர்ந்த கூட்டு, அதாவது ரசவாங்கியோ பிட்லையோ, ஒரு உசிலி, கடைசியில் மோருக்குத் தொட்டுக்கொள்ள மணத்தக்காளி வத்தக்குழம்பு. வத்தக்குழம்பை முதல் நாளே வைத்துவிடச் சொல்லுங்கள், மறுநாள்தான் அதற்கு ருசி வரும்.

பிறகு அரிசி. இவ்வளவு தூரம் நெல் பார்க்க வந்துவிட்டு என்ன அரிசி வடித்தார்கள் என்று கேட்காமல் எழுந்துபோகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. தினசரிச் சமையலில் பெரும்பாலும் பொன்னிதான். கிச்சிலிச் சம்பாவோ தூயமல்லியோ கிடைக்குமா என்று கேளுங்கள், இரண்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பாங்கானவை. மாப்பிள்ளைச் சம்பா கேட்டால் இரவே ஊற வைக்க வேண்டும், அது சாதத்தைவிடக் கஞ்சிக்கும் பழையதுக்கும் நல்லது. இந்த ரகங்கள் இன்று மறுபடி கிடைப்பதில் 2018-ல் மறைந்த நெல் ஜெயராமனுக்குப் பெரும் பங்கு உண்டு. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் விதை வாங்கிப்போன விவசாயிகள் அடுத்த ஆண்டு இரட்டிப்பாகத் திருப்பித் தந்தார்கள். தை மாதம் வந்தால் புதுநெல் அரிசியைச் சாதமாகக் கேட்காதீர்கள், குழைந்துவிடும். பொங்கலாக வைக்கச் சொல்லுங்கள்.

அசைவம் வேண்டுமானால் அறை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். பழைய வீட்டு விடுதிகள் சில சைவம் மட்டும்தான் சமைக்கும், வந்த பிறகு வாதாடுவது அழகல்ல. அசைவம் சமைக்கிற இடமானால் கோழி வேண்டாம், குளத்து விரால் வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள்.

காலையில் இட்லிக்குக் கடப்பா கேளுங்கள். பயத்தம்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காய் அரைத்து விட்டுச் செய்வது, கும்பகோணம் வட்டாரத்தை விட்டால் வெளியே ஒழுங்காகக் கிடைக்காது. ஆனால் மூன்று இட்லியோடு நிறுத்துங்கள். பகல் சாப்பாடு பன்னிரண்டரைக்கு, ஒரு மணிக்கு மேல் தள்ளாதீர்கள். இரவுக்கு ரசஞ்சாதம் போதும். இனிப்புக்குத் திருவையாற்று அசோகா, கடையில் நின்று சூடாகச் சாப்பிட வேண்டும், கட்டிக்கொண்டு வந்து ஆறிப்போனதைத் தின்பதில் ஒன்றுமில்லை.

மற்றவை

சென்னையிலிருந்து வருவதானால் மெயின் லைனில் பகல் ரயில், சோழன் எக்ஸ்பிரஸ். மயிலாடுதுறை தாண்டியதும் ஜன்னலை விட்டு நகராதீர்கள். வரப்பில் செருப்பைக் கழற்றி நடங்கள், ஈர மண்ணில் வெறுங்கால்தான் வழுக்காது. நாற்றங்காலில் கால் வைக்காதீர்கள். படித்துறை உள்ள இடத்தில் மட்டும் குளியுங்கள், கொள்ளிடத்தில் இறங்கவே வேண்டாம், மணல் எடுத்த பள்ளம் தண்ணீருக்குள் தெரியாது. கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் சாத்தி நாலு மணிக்குத் திறக்கும், அந்த நேரம் தூக்கத்துக்கு. தை மாதம் கார் ஓட்டுகிறவர்கள் சாலையில் காயும் நெல்லின் மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போங்கள்.

திரும்பும் நாளில் அரை நாள் மிச்சமிருந்தால் பெரிய கோயிலுக்கு மறுபடி போகாமல் தெற்கே ஒரத்தநாட்டுக்குப் போய் முத்தாம்பாள் சத்திரத்தைப் பாருங்கள். இரண்டாம் சரபோஜி கட்டியது. யானையும் குதிரையும் இழுப்பதாகச் செதுக்கிய அடித்தளம் இன்னும் நிற்கிறது. ராமேசுவரம் போகும் யாத்ரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டியர் அந்தச் சாலை நெடுகச் சத்திரம் வைத்துச் சோறு போட்டார்கள். ஆட்சி கைவிட்டுப் போனபோதும் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்கு 1801-ல் கடிதம் எழுதி, சத்திரங்களை மட்டும் தன் பொறுப்பிலேயே விட்டுவைக்கக் கேட்டார். இன்று அங்கே தங்க முடியாது, சாப்பாடும் இல்லை. எனவே காலையிலேயே போங்கள், பகலுக்கு விடுதிக்குத் திரும்பிவிடலாம். கடைசி நாள் சாப்பாட்டையும் முதல் நாள் மாலையே சொல்லிவைத்திருப்பீர்கள் அல்லவா?